கடதாசி தொலைந்தால் செய்த சேவையும் தொலைந்துவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். அரசாங்கத்துக்குச் சேவை செய்த ஒருவருடைய கடதாசி தொலைந்துபோனால், அதைத் தேடி எடுப்பது அரசாங்கத்தின் பொறுப்பு. எண்பது வயதைத் தாண்டிய மனிதரை பஸ்ஸில் ஏற்றி, அலுவலகம் அலுவலகமாக அலையவிட்டு, "நீங்கள் யார் என்று நிரூபியுங்கள்" என்று கேட்பது நியாயமில்லை. அவர் கையில் இருந்தது ஒரு பிரதி மட்டும்தான். மூலக் கோவை ஆரம்பத்திலிருந்தே அரசாங்கத்தின் அலுமாரியில்தான் இருந்தது.

நான் எழுதுவது ஒரு படைவீரரைப் பற்றி. ஆனால் ஆசிரியர்கள், தாதிமார், தபால் ஊழியர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். சுயவிபரக் கோவையில் ஒரு நியமனக் கடிதம் குறைந்ததால் ஓய்வூதியம் தள்ளித் தள்ளிப் போன ஆசிரியர் ஒருவரையாவது தெரியாத ஆசிரியர் நம்மில் இருக்க மாட்டார்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மலாய்க்காரர். ஊரில் எல்லோரும் "ஆமி அப்பா" என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. 1960களில் இராணுவத்தின் தொண்டர் படையணி ஒன்றில் சேர்ந்தவர். 1971 ஏப்ரலில் கிளர்ச்சி வெடித்தபோது தொண்டர் படைகளை முழுநேரக் கடமைக்கு அழைத்தார்கள். இளம் மனைவியையும் கைப்பிள்ளையையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்களில் இவரும் ஒருவர். பிறகு சில வருடங்கள் கழித்து விலகி வந்து, கடை வைத்து, பிள்ளைகளை வளர்த்தார். ஓய்வூதியம் கிடையாது. அதைப் பற்றி அவர் முறைப்பட்டும் நான் கேட்டதில்லை.

அம்பாந்தோட்டைப் பக்கத்து மலாய்க்காரருக்குப் பட்டாளம் என்பது புதிய விஷயம் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். பிரித்தானியர் காலத்தில் மலாய்ப் படையணியாக இருந்து, பிறகு சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் ஆனது; 1873 இல் அது கலைக்கப்பட்டது. கலாநிதி பீ.ஏ. ஹுஸைன்மியா அந்தப் படையணி மக்களைப் பற்றி எழுதிய நூலின் பெயரே "ஒராங் ரெஜிமென்". ரெஜிமென்ட் மனிதர்கள் என்று அர்த்தம். பிந்திய காலத்தில் 2005 மே 31 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட மேஜர் துவான் நிஸாம் முத்தலிப் இந்தச் சமூகத்தவர்தான். இருநூறு வருடத்துக்கும் மேலான சேவை. ஆனால் ஒரு தனிமனிதர் தன் பங்கைக் காட்ட வேண்டும் என்றால் அவர் கையில் ஒரு கடதாசி வேண்டும்.

ஆமி அப்பாவின் கடதாசிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. விடுவிப்புப் புத்தகம், ஒரு குழுப் படம், சம்பளத் துண்டுகள் சில. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அம்பாந்தோட்டையில் சந்தை நாள். அன்று கடல் வந்தது. அவருடைய குடும்பம் உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். வீட்டின் முன்பகுதியும் பெட்டியும் போய்விட்டன.

அதற்குப் பிறகு நடமாடும் சேவை நடந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் எல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் யார் பட்டாளத்துக் கடதாசியை யோசிப்பார்? கூரை, சோறு, பிள்ளைகளின் பாடசாலை. பதினைந்து வருடம் அப்படியே போனது.

2019 ஏப்ரல் 21 க்குப் பிறகு அந்தக் கடதாசி ஞாபகத்துக்கு வந்தது. அந்த நாட்களில் முஸ்லிம் வீடுகளில் நடந்த தேடுதல்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். வந்த பையன்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆமி அப்பா சிங்களத்தில் "நானும் ஆமிதான் மகன்" என்றார். ஒரு பையன் சிரித்துக்கொண்டு, "நம்பர் என்ன சீயா?" என்று கேட்டான். இவர் நிமிர்ந்து நின்று தன் சேவை இலக்கத்தை மூச்சு விடாமல் சொன்னார். படையணி, கம்பனி, பயிற்சி பெற்ற முகாம், சார்ஜன்டின் பெயர். அந்தப் பையன் சிரிப்பை நிறுத்திவிட்டான். தேடுதல் சீக்கிரம் முடிந்தது.

ஆனால் அன்றிலிருந்து அவருக்குள் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. சில மாதங்கள் கழித்து என்னிடம் வந்தார்.

"டீச்சர், எனக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க. நான் பட்டாளத்தில இருந்தன் என்று ஒரு கடதாசி வேணும். காசு பணம் ஒண்டும் கேக்கல்ல. மௌத்தாகிறதுக்கு முந்தி ஒருக்கா கையில வெச்சிப் பாக்கணும்."

ஒரு கடிதம்தானே என்று இருவரும் நினைத்தோம். அது ஒன்றரை வருட வேலையாக ஆனது.

முதலில் போன அலுவலகத்தில், விடுவிப்புச் சான்றிதழின் பிரதி எடுக்க வேண்டும் என்றால் விடுவிப்புச் சான்றிதழின் பிரதியைக் கொண்டு வாருங்கள் என்றார்கள். நான் பகிடிக்காக எழுதவில்லை. உண்மையாகவே அப்படித்தான் சொன்னார்கள். சொன்னவர் கெட்டவரும் இல்லை. அவருடைய படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது. இரண்டாவது அலுவலகத்தில் பெயர்ப் பிரச்சினை. அடையாள அட்டையில் "துவான்" இல்லை, அவர் படையில் சேர்ந்தபோது "துவான்" இருந்திருக்கிறது. வாப்பாவின் பெயர் ஓரிடத்தில் முதலிலும் ஓரிடத்தில் கடைசியிலும் இருக்கிறது. "இது வேற ஆளாகவும் இருக்கலாமே" என்றார்கள். மூன்றாவது இடத்துக்கு நான் தமிழில் எழுதிய கடிதத்துக்கு தொலைபேசியில் பதில் வந்தது: சிங்களத்தில் எழுதி அனுப்புங்கள்.

தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் அதைச் சொல்கிறது. எனக்குச் சிங்களம் எழுதத் தெரியும், எழுதி அனுப்பினேன். ஆனால் எழுதத் தெரியாத ஒருவர் அந்தத் தொலைபேசி அழைப்போடு நின்றுவிடுவார். ஒரு மனிதருடைய உரிமை அவருடைய தெருவில் எந்த ஆசிரியர் குடியிருக்கிறார் என்பதில் தங்கியிருக்கக் கூடாது.

இந்த அலைச்சலுக்கு நடுவில் மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். அமெரிக்காவின் கதை என்னை யோசிக்க வைத்தது. 1973 ஜூலை 12 அன்று, சென்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் இருந்த படைவீரர் பதிவேட்டு நிலையத்தின் ஆறாவது மாடி தீப்பற்றியது. கோவைகள் இருந்த மாடியில் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. 1 கோடி 60 இலட்சத்துக்கும் 1 கோடி 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட கோவைகள் எரிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோவைகளில் சுமார் 80 சதவீதம் போய்விட்டது. 1947 க்கும் 1964 க்கும் இடையில் விமானப்படையிலிருந்து விலகியவர்களிலும், பெயர் அகரவரிசையில் பின்னால் வருபவர்களின் கோவைகளில் 75 சதவீதம் போனது. வேறு பிரதி இல்லை. எந்தெந்தக் கோவை அங்கே இருந்தது என்ற பட்டியலும் இல்லை.

முதலாம், இரண்டாம் உலகப் போர்களிலும் கொரியப் போரிலும் நின்றவர்களின் வாழ்க்கை அந்தக் கடதாசிகளில் இருந்தது. இனி அவர்களிடம் போய், "உங்கள் கோவை எரிந்துவிட்டது, நீங்களே நிரூபியுங்கள்" என்று சொல்ல முடியுமா?

நனைந்து கருகிய கோவைகளை அள்ளி எடுத்து, பெரிய வெற்றிட அறைகளில் உலர்த்தினார்கள். அப்படி சுமார் 65 இலட்சம் கோவைகளை மீட்டார்கள். மீட்க முடியாதவற்றுக்கு வேறு வழி பார்த்தார்கள். ஒரு சிப்பாயின் பெயர் ஒரு கோவையில் மட்டும் இருப்பதில்லை அல்லவா? சம்பளப் பட்டியலில் இருக்கும். முகாமின் தினசரி அறிக்கையில் இருக்கும். வைத்தியசாலைக்குப் போனால் அனுமதிப் பதிவில் இருக்கும். விலகும்போது வாங்கிய கடைசிச் சம்பளத்தின் பற்றுச்சீட்டில் இருக்கும். இவற்றையெல்லாம் தேடிச் சேர்த்து, ஆளுக்கு ஒரு புதிய கோவை கட்டினார்கள். விண்ணப்பிப்பவரிடம் கேட்பது ஒரு படிவம்: எந்தப் படையணி, எந்த இடம், எந்தக் காலம், நினைவில் உள்ளதை எழுதுங்கள், மிச்சத்தை நாங்கள் தேடுகிறோம். கடைசியில் கிடைக்கும் சேவை உறுதிச் சான்றிதழ், தொலைந்த விடுவிப்புப் பத்திரத்துக்குப் பதிலாகச் செல்லும்.

அங்கேயும் எல்லாம் சுகமாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. வழக்குகளுக்குப் போக வேண்டிவந்தது. 1991 இல் அங்குள்ள முன்னாள் படைவீரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்ன கருத்தின் சாரம்: பதிவேடு அரசாங்கத்தின் காவலில் இருக்கும்போது அழிந்திருந்தால், சந்தேகத்தின் பலனை அந்த மனிதருக்குக் கொடுப்பதைப் பற்றி யோசிக்கும் கடமையும், மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று விளக்கும் கடமையும் அரசாங்கத்துக்குக் கூடுகிறது.

பிரித்தானியாவிலும் இப்படி ஒன்று உண்டு. 1940 செப்டெம்பரில் ஜேர்மன் குண்டு விழுந்து லண்டனில் இருந்த போர் அலுவலகக் களஞ்சியம் எரிந்தது. முதலாம் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோவைகளில் சுமார் 60 சதவீதம் அழிந்தது. ஓய்வூதிய அமைச்சில் இருந்த கோவைகளையும் பதக்கப் பட்டியல்களையும் கொண்டு அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தார்கள். கருகிய விளிம்போடு தப்பிய தாள்களை நுண்படம் எடுத்து இன்றைக்கும் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்.

"அமெரிக்காவிடம் காசு இருக்கிறது, நம்மிடம் எங்கே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த மனப்பாங்கு நம் நாட்டுக்குத் தெரியாதது இல்லை. பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் கொடுக்கும் நாடு இது. தரம் ஒன்றுக்குப் பிள்ளை சேர்க்கிற எந்த ஆசிரியருக்கும் அது தெரியும். சுனாமிக்குப் பிறகு 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தைக் கொண்டுவந்து, உடல் கிடைக்காதவர்களின் மரணத்தைப் பதிவு செய்ய வழி செய்த நாடு இது. கடல் கொண்டுபோன மனிதரின் மரணத்தை உடல் இல்லாமல் ஏற்கத் தெரிந்த அரசுக்கு, கடல் கொண்டுபோன கடதாசியை ஏற்பது முடியாத காரியமா?

அதனால் நாங்களும் அந்த முறையிலேயே போனோம். கோவையை விட்டுவிட்டு, கோவைக்கு வெளியே அவருடைய பெயர் எங்கெல்லாம் விழுந்திருக்கும் என்று யோசித்தோம்.

எனக்கு முதலில் தோன்றியது நான் தினமும் பார்க்கும் ஒரு பொருள். பாடசாலையின் சேர்வு இடாப்பு. வரவு இடாப்புகளைப் போல அதை வீசிவிட மாட்டார்கள். அதிபரின் அனுமதியோடு பழைய இடாப்பை எடுத்தேன். அட்டை கிழிந்து, ஓரம் கறையான் தின்று இருந்தது. 1974 ஆம் வருடம், அவருடைய மூத்த மகன் முதலாம் வகுப்புக்குச் சேர்ந்த வரி. தந்தையின் தொழில் என்ற நிரலில், அந்தக் காலத்து அதிபர் நீல மையில் "சிலோன் ஆமி" என்று எழுதியிருந்தார். 1972 இல் நாட்டின் பெயர் மாறியும் அதிபரின் பேனாவுக்குப் பழைய பெயர்தான் வந்திருக்கிறது.

பழைய பிறப்புச் சான்றிதழ்களிலும் தந்தையின் தொழிலுக்கு இடம் உண்டு. மகனுடைய பிறப்புப் பதிவின் பிரதி ஒன்றைப் பிரதேச செயலகத்தில் எடுத்தோம். அதிலும் இருந்தது. அவரோடு ஒரே முகாமில் இருந்த ஒரு சிங்களப் பெரியவர் தங்காலைப் பக்கம் உயிரோடு இருந்தார். மகன்மார் ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு கிழவர்களும் ஐம்பது வருடம் கழித்துச் சந்தித்ததைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. அந்தப் பெரியவர் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தார். அவரிடம் இருந்த குழுப் படத்தில் பின்வரிசையில் நம்முடைய ஆமி அப்பாவும் நிற்கிறார், மெலிந்து, மீசையோடு.

பெயர் வித்தியாசத்துக்கு இன்னொரு சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு. எல்லாவற்றையும் சேர்த்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவருடைய கையொப்பத்தோடு விண்ணப்பித்தோம்.

இந்தச் சட்டத்தைப் பற்றி நம் மக்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் உங்களிடம் காரணம் கேட்க முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். தகவல் அலுவலரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. "பாதுகாப்பு விஷயம்" என்ற விலக்கு சட்டத்தில் இருக்கிறதுதான். ஆனால் ஒருவர் தான் எந்தத் திகதியில் சேர்ந்து எந்தத் திகதியில் விலகினேன் என்று தன்னைப் பற்றியே கேட்பதில் நாட்டின் பாதுகாப்புக்கு என்ன வரப்போகிறது?

கடைசியில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. சேவை இலக்கம், பெயர், சேர்ந்த திகதி, விலகிய திகதி, நடத்தை நன்று. மற்ற விபரங்கள் கைவசம் இல்லை என்று ஒரு வரி. காயப்பட்டு வைத்தியசாலையில் இருந்தது, 1971 இல் எங்கே கடமை செய்தார் என்பது ஒன்றும் கிடைக்கவில்லை. ஆமி அப்பா கண்ணாடியைப் போட்டு மூன்று தரம் வாசித்தார். "ஒரு மாசத்தக் கொறச்சிப் போட்டிருக்கானுகள்" என்றார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு லெமினேட் பண்ணக் கொடுத்தார்.

இதே வேலையில் இறங்குபவர்களுக்காக, நாங்கள் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

1. முதலில் சேவை இலக்கம். அதுதான் திறப்பு. பெயர் பத்து விதமாக எழுதப்படும், இலக்கம் அப்படி மாறாது. பழைய கடித உறை, படத்தின் பின்பக்கம், பதக்கத்தின் விளிம்பு எல்லாவற்றையும் பாருங்கள். முக்கியமாக அவரிடமே கேளுங்கள். நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவர்களுக்கும் அந்த இலக்கம் ஞாபகம் இருக்கும்.

2. படையணியின் அந்தக் காலத்துப் பெயரைக் கேளுங்கள். 1972 க்கு முந்தியது என்றால் பெரும்பாலும் "சிலோன்" என்று தொடங்கும். 1962 சதி முயற்சிக்குப் பிறகு சில தொண்டர் படையணிகள் கலைக்கப்பட்டன. இல்லாத படையணிக்குக் கடிதம் போட்டால் பதில் வராது. அதன் இடத்தில் இன்று எது இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள்.

3. கோவைக்கு வெளியே உள்ள பதிவுகளைத் தேடுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சேர்வு இடாப்பு, விவாகப் பதிவு, பழைய வங்கிப் புத்தகம், வைத்தியசாலை அட்டை, பள்ளிவாசல் ஜமாஅத் பதிவேடு, வாக்காளர் இடாப்பு.

4. கூட இருந்தவர்களைத் தேடுங்கள். அவர்களுக்கும் எண்பது வயது. அடுத்த வருடம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

5. எல்லாப் பெயர்களுக்கும் சேர்த்து ஒரே சத்தியக் கடதாசி முடியுங்கள். "இந்தப் பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும்" என்று எல்லா எழுத்துக்கூட்டலையும் அதில் போடுங்கள்.

6. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். துண்டை வைத்திருங்கள். மூலப் பிரதியை யாருக்கும் கொடுக்காதீர்கள், போட்டோ கொப்பி மட்டும்.

7. கடிதத்தில் கதை எழுத வேண்டாம். யார், எந்த இலக்கம், எந்தக் காலம், என்ன வேண்டும். அரைப் பக்கம் போதும்.

இனி, இதற்குச் சொல்லப்படும் மறுப்புகள்.

"இப்படி இலகுவாக்கினால் போலிகள் வருவார்கள்" என்பார்கள். வரலாம். ஆனால் போலிக்காரர் முத்திரை, கையொப்பம், கடிதத் தலைப்பு எல்லாம் சரியாகச் செய்துகொண்டு வருவார். கடதாசி இல்லாமல், இலக்கத்தையும் சார்ஜன்டின் பெயரையும் முகாமின் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்பதையும் சொல்லிக்கொண்டு வருகிற கிழவர் அப்படிப்பட்டவர் இல்லை. அவர் சொல்வதைச் சம்பள லெட்ஜரோடு ஒப்பிட்டுப் பார்க்க அரசாங்கத்தால் முடியும். அவரால் முடியாது. சரிபார்க்கும் வசதி யாரிடம் இருக்கிறதோ அவர்கள்தான் சரிபார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு நம் மொழி பேசுகிறவர்களிடமிருந்தே வரும். "எவ்வளவோ பேர் காணாமற்போய் இருக்கிறார்கள், நீங்கள் ஒரு ஆமிக்காரருக்கு எழுதுகிறீர்களே?" இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. இராணுவம் என்ற சொல் தமிழில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கிற தாய்மார் கேட்பதும் ஒரு பதிவைத்தான். எந்தத் திகதி, எந்த முகாம், யார் கடமையில் இருந்தார்கள். 2016 இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது, அந்தத் தாய்மாரின் கேள்வி முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்கள் உறுதிகளையும் சான்றிதழ்களையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களும் இந்தக் கவுன்டர்களில்தான் நின்றார்கள். சொந்தச் சிப்பாயின் கோவையையே தேடி எடுக்காத பழக்கம் உள்ள அலுவலகம், மற்றவருடைய பிள்ளையைப் பற்றிய பதிவைத் தேடித் தருமா? பதிவுகளைப் பாதுகாப்பதும் கேட்டால் காட்டுவதும் எல்லோருக்கும் வேண்டிய ஒரே பழக்கம். அது எந்த வாசலில் தொடங்கினாலும் எனக்குச் சந்தோஷம்.

அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் விஷயங்கள் இல்லை.

தொலைந்த சேவைப் பதிவுக்கு ஒரே ஒரு படிவம் இருக்கட்டும், மூன்று மொழியிலும். அது பிரதேச செயலகத்தில் கிடைக்கட்டும். அங்கிருந்து உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பட்டும். எண்பது வயது ஆள் கொழும்புக்கு வர வேண்டிய தேவை இருக்கக் கூடாது. கோவை கிடைக்கவில்லை என்றால், எங்கெல்லாம் தேடினோம் என்று எழுத்தில் சொல்லட்டும். "இல்லை" என்ற ஒற்றைச் சொல் பதில் ஆகாது. மாற்றுச் சான்றுகள் எவை என்று ஒரு பட்டியல் வெளியிடட்டும், சேர்வு இடாப்பும் கூட இருந்தவரின் சத்தியக் கடதாசியும் அதில் இருக்கட்டும். எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் விண்ணப்பத்தை முதலில் எடுக்கட்டும், ஏனென்றால் அவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை.

நம்மிடமும் ஒன்று கேட்கிறேன், குறிப்பாக ஆசிரியர்களிடம். கல்வியியற் கல்லூரியில் நமக்குப் பாடக்குறிப்பு எழுதக் கற்றுத் தந்தார்கள். ஒரு உத்தியோகபூர்வக் கடிதம் எழுதுவதும் நமக்குத் தெரியும். ஊரில் நிறையப் பேருக்கு அது தெரியாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாடசாலையிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ நூலகத்திலோ இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்தால் போதும். தரம் பத்து, பதினொன்று மாணவர்களையும் கூட வைத்துக்கொள்ளலாம். கடிதம் எழுதும் பாடம் புத்தகத்தில் இருக்கிறது, இங்கே உண்மையான பெறுநர் இருப்பார். அதிபர்மாருக்கு ஒரு வேண்டுகோள்: பழைய சேர்வு இடாப்புகளைத் தயவுசெய்து கறையானுக்கு விடாதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் போனில் படம் எடுத்து வையுங்கள். அதில் யாருடைய வாழ்க்கைக்கான சான்று இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

இன்றைக்கு இஷாவுக்குப் பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். அவர் பட்டாளத்தில் இருந்திருக்கலாம், பொலிஸில், ரயில்வேயில், துறைமுகத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் இருந்திருக்கலாம். இலக்கம் என்ன, எந்த வருடம் சேர்ந்தீர்கள், யார் கூட இருந்தார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். இருக்கும் கடதாசிகளைப் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். வெள்ளம் எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால், கடிதம் எழுத உதவி தேவைப்பட்டால், உள்பெட்டியில் எழுதுங்கள். அவருடைய பெயரையும் இலக்கத்தையும் இங்கே பொதுவில் போட வேண்டாம். நான் பயன்படுத்திய கடிதத்தின் மாதிரியைத் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்பி வைக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.